துணிக்குக் கூப்பன், ஆட்டத்துக்குக் கூட்டம்

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால பாலே உடைகளுக்குச் சென்ற இதழில் நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தலைமேல் குண்டு விழும்போது பளபளவென்று உடுத்திக்கொண்டு ஆடியவர்களைக் கொண்டாட வேண்டுமா? அந்தத் துணியில் எத்தனை பேருக்குக் காயக்கட்டு போட்டிருக்கலாம்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கொண்டாடத்தான் வேண்டும். நான்கு பக்கம் போதவில்லை என்பதுதான் என் குறை.

முதலில் உங்கள் துணிக் கணக்கு. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன். பெரியவர் ஒருவருக்கு முதல் வருஷம் 66 கூப்பன். பெண்களின் கம்பளி உடை ஒன்றுக்கு 11, ஒரு ஜோடி ஷூவுக்கு 5. போகப் போக அதையும் குறைத்தார்கள். போர் முடிந்த பிறகும் 1949 மார்ச் வரை இந்தப் பாடு தீரவில்லை. பட்டு பாராசூட்டுக்குப் போய்விட்டது. பாலே குழுக்களும் இந்தத் தட்டுப்பாட்டுக்குள்தான் காலம் தள்ளின. அப்புறம், டூட்டூ என்ற அந்தக் குட்டைப் பாவாடை விறைப்பான வலைத்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைப்பது. புண்ணில் வைத்துக் கட்ட அது உதவாது.

பாலே உடையை ஒரு தடவை உட்புறம் திருப்பிப் பார்த்தால் உங்கள் எண்ணம் மாறும். மேல்கச்சின் முதுகுப் பக்கத்தில் கொக்கிகள் ஒரே வரிசையாக இருக்காது. இன்று ஒருத்தி, அடுத்த வருஷம் இன்னொருத்தி என்று அளவு மாறும் என்பதால் இரண்டு மூன்று வரிசை தைத்திருப்பார்கள். உள்ளே சின்னத் துணிப்பட்டைகளில் முன்பு அணிந்தவர்களின் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. செருப்பின் கதை இன்னும் கடினம். நுனிக்காலில் நிற்க வைக்கும் அந்தக் கெட்டி முனை மரமோ இரும்போ இல்லை. சாக்குத்துணியும் காகிதமும் பசையும் அடுக்கி ஒட்டிக் காயவைத்தது. வியர்வையில் பசை இளகினால் முனை நைந்துபோகும். பெரிய வேஷம் ஆடுகிறவருக்கு ஒரே இரவில் ஒரு ஜோடி தீர்ந்துவிடும். அதனால்தான் முனையைச் சுற்றித் தடித்த நூலால் நெருக்கமாகத் தைத்து அதன் ஆயுளைக் கொஞ்சம் நீட்டுவார்கள். ரேஷன் காலத்தில் அந்தத் தையலின் அருமை என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

‘பளபள’ என்கிறீர்கள். 1940 ஜனவரியில் லண்டனில் ஃபிரெடரிக் ஆஷ்டன் அமைத்த ‘தாந்தே சொனாட்டா’வில் செருப்பே கிடையாது. வெறுங்கால், அவிழ்ந்த கூந்தல், சோஃபி ஃபெடரோவிச் வடிவமைத்த எளிய உடைகள். போலந்து விழுந்த அதிர்ச்சியில் பிறந்த ஆட்டம் அது. ஒளியின் பிள்ளைகளும் இருளின் பிள்ளைகளும் மோதுகிறார்கள், கடைசியில் யாரும் ஜெயிப்பதில்லை. போரை மறக்கடிக்க ஆடினார்கள் என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றைப் பற்றியாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அதை ஆடிய குழு, லண்டனின் சேட்லர்ஸ் வெல்ஸ், 1940 மே மாதம் நெதர்லாந்துக்குப் போனது. நினெட் டி வலோயின் தலைமை, ஆட மார்கோ ஃபோன்டெய்ன், ராபர்ட் ஹெல்ப்மன், இசைக்கு கான்ஸ்டன்ட் லாம்பர்ட். மே 9 இரவு ஆர்ன்ஹெமில் ஆடிவிட்டு ஹேக் நகருக்குத் திரும்பினார்கள். விடிவதற்குள் ஜெர்மன் படை நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. சரக்குக் கப்பலில் ஏறித் தப்பித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், மூட்டைகள் வரவில்லை. பல பாலேக்களின் உடைகளும் திரைகளும் இசைத்தாள்களும் அங்கேயே போயின. ‘செக்மேட்’ என்ற பாலேவின் உடைகளையும் திரைகளையும் பின்னால் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. ‘ஹோரோஸ்கோப்’பின் இசைத்தாள்கள் தொலைந்ததால் அந்த ஆட்டம் அதோடு போயிற்று.

இத்தனைக்குப் பிறகு கடையைக் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. 1940 செப்டம்பரில் லண்டன் மீது தினசரிக் குண்டுவீச்சு தொடங்கியதும் அவர்களுடைய அரங்கம் வீடிழந்தவர்கள் தங்கும் இடமானது. குழு ஊர் ஊராகச் சுற்றியது. ஆர்கெஸ்ட்ராவுக்கு வழியில்லாதபோது இரண்டு பியானோ வைத்து ஆடினார்கள். ஆஷ்டன் உட்பட ஆண்கள் ஒவ்வொருவராகப் படைக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் ஆர்ட்ஸ் தியேட்டரில் மதியச் சாப்பாட்டு வேளையிலேயே பாலே நடந்தது. அந்தி சாய்ந்தால் இருட்டடிப்பு, குண்டு பயம். ஆகவே வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போருக்கு முன் பாலே என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள் பிரிட்டனில் அதற்கு ரசிகர்களானது இந்த ஆண்டுகளில்தான். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள் டிக்கெட் வாங்கியே சொல்லிவிட்டார்கள். இந்த விஷயத்தில் உங்கள் கருத்தைவிட, என் கருத்தையும்விட, அதுதான் பெரிது.

ரஷ்யாவின் லெனின்கிராடிலும் இதேதான். ஜெர்மன் படை நகரை முற்றுகையிடுமுன் அந்த ஊர்க் குழுவான கீரோவ் பாலே யூரல் மலைப் பக்கத்து பெர்ம் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 1942 டிசம்பரில் கச்சதூரியன் இசையமைத்த ‘கயானே’ பாலே முதன்முதலாக மேடையேறியது. உலகமே தாளம் போடும் அந்த வாள் நடன இசை அதில் வருவதுதான்.

போர் முடிந்து 1946 பிப்ரவரி 20 அன்று, அதுவரை டான்ஸ் ஹாலாக இருந்த லண்டனின் ராயல் ஓபரா ஹவுஸ் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யோடு மறுபடி திறந்தது. உடை, அரங்க வடிவமைப்பு ஆலிவர் மெஸ்ஸெல். போரில் இவர் வேலை, படைவீரர்கள் துப்பாக்கியோடு காவல் இருக்கும் சின்னக் காவலறைகளை எதிரி கண்ணில் படாமல் வேறு கட்டடம் மாதிரி வேஷம் கட்டுவது! நல்ல துணி கைக்கு எட்டாத அந்த நேரத்தில் ஒரு ராஜசபையையே மேடையில் நிறுத்த அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். அரங்கில் ராஜா ஆறாம் ஜார்ஜ் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். வெளியே ரேஷன் வரிசை அப்படியே இருந்தது.

உங்கள் கோபத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பாரிஸில், ஓபராவின் செர்ஜ் லிஃபார் ஜெர்மன் அதிகாரிகளோடு நெருங்கிப் பழகியபடி பாலேயை நடத்தினார். விடுதலைக்குப் பின் அதற்காக அவரை விலக்கி வைத்தார்கள். 1947-ல் திரும்பி வந்தார். உங்கள் கேள்வியை அங்கே கேளுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் நாட்டைப் பிடிக்க வந்தவனுக்கு விருந்து வைத்த மேடையையும் அடிபட்ட ஊர்க்காரன் தானாகத் தேடி வந்த மேடையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

இது பழைய கதையும் இல்லை. 2022-ல் உக்ரைனின் தேசிய ஓபராவைச் சேர்ந்த நடனக் கலைஞர் ஆர்த்தியோம் டட்சிஷின் குண்டுவீச்சில் காயப்பட்டு மார்ச் மாதம் இறந்தார். ஒலெக்சாண்டர் ஷபோவால் போர்முனைக்குப் போய் செப்டம்பரில் உயிரிழந்தார். இடையில் மே மாதமே கீவ் ஓபரா மறுபடி திறந்தது. கீழே பதுங்கு இடத்தில் எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை டிக்கெட்தான் மேலே விற்பனை. சைரன் ஒலித்தால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் கீழே இறங்குவார்கள். ஓய்ந்ததும் மேலே வருவார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய உக்ரைன் கலைஞர்கள் குழுவாகச் சேர்ந்து ஆடியதோ 1940-ல் ஆங்கிலேயக் குழு உயிர் தப்பி ஓடிய அதே ஹேக் நகரில். அவர்களைப் பற்றியும் அடுத்த இதழில் நான்கு பக்கம் வருகிறது.