எருக்குவியலில் உயிர்க்கரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மட்கு உரம் தயாரிக்கையில் உயிர்க்கரி (விறகு, உமி போன்றவற்றைக் காற்று குறைந்த நிலையில் வேகவைத்து எடுக்கும் கரி) சேர்த்து அம்மோனியா, மீத்தேன் போன்ற வாயுக்களின் இழப்பைக் குறைப்பது குறித்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் என்ன பொருள், எவ்வளவு ஈரம், எத்தனை நாள் ஆன குவியல் என்ற மூன்று விவரங்களும் இல்லை. அவற்றை எழுதாதவர்களுக்கு ஊகத்தில் பதில் சொல்வது அவர்களுக்கும் நல்லதன்று, எனக்கும் நல்லதன்று.

ஒரு டன் கோழி எருவுக்கு எத்தனை கிலோ உயிர்க்கரி சேர்க்க வேண்டும்? (நாமக்கல்)

உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு. 'உலர்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிப்பவர்களே மிகுதி. உங்கள் எருவில் ஈரம் 60 விழுக்காடு என்றால், டன்னில் உலர் பொருள் 400 கிலோதான். அதற்கு 40 கிலோ கரி போதும். 100 கிலோ கொட்டினால் பயன் இரட்டிப்பதில்லை, செலவுதான் இரண்டரை மடங்காகிறது. விலைக்கு வாங்கும் கரியிலும் நீர் இருக்கும் என்பதால் அந்த எடையையும் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கோழி எருவின் கரிம–தழைச்சத்து விகிதம், அதாவது கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 10. வைக்கோலோ தென்னை நார்க்கழிவோ கலந்து அதை 25, 30 அளவுக்கு உயர்த்தியே ஆக வேண்டும். கரியில் முக்கால் பங்கு கரிமம்தானே என்று அதையே இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. நுண்ணுயிர்களால் அந்தக் கரிமத்தைத் தின்ன முடியாது. ஆகவே அது விகிதக் கணக்கில் வராது.

அரிசி ஆலைக் கொதிகலன் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறது. அதையே கரிக்குப் பதிலாகப் போடலாமா?

கூடாது. காற்றில் முற்றிலும் எரிந்தது சாம்பல். காற்று குறைந்த நிலையில் வெந்தது கரி. சாம்பலில் சிலிக்காவும் காரமும் மிஞ்சியிருக்குமேயன்றி, அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் நுண்துளைப் பரப்பு மிகக் குறைவு. குவியலின் காரத்தன்மை ஏற ஏற அம்மோனியா வாயுவாகப் பிரிந்து போவதும் கூடும் என்பதால், கோழி எருவில் சாம்பலைக் கொட்டுவது நீங்கள் தடுக்க நினைத்ததை நீங்களே விரைவுபடுத்துவதாகும். கறுப்பாக இருக்கும் உமிக்கரி வேறு, அதைப் பயன்படுத்தலாம்.

கரி சேர்த்தபின் நாற்றம் நின்றுவிட்டது. வாயு வெளியேற்றமும் நின்றுவிட்டதாகக் கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. உங்கள் மூக்கு அம்மோனியாவைத்தான் கண்டுபிடித்தது. மீத்தேனுக்கு மணம் இல்லை. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வலிய நைட்ரஸ் ஆக்சைடு, குவியலிலிருந்து வெளிவரும் மிகச் சிறிய அளவில் எந்த மூக்குக்கும் எட்டாது. நல்ல சோதனைகளில் உயிர்க்கரி அம்மோனியாவை மூன்றில் ஒரு பங்கும், மற்ற இரண்டையும் பாதியளவும் குறைத்திருக்கிறது. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு சிறிதும் குறையாத சோதனைகளும் உண்டு. ஈரம் 60 விழுக்காட்டைத் தாண்டி, புரட்டுவதும் தவறிய குவியலில் கரி இருந்தும் மீத்தேன் உண்டாகும்.

எங்கள் பகுதியில் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். அதையே தூளாக்கி எருக்குவியலில் சேர்க்கலாமா? உரத்துக்கென்றே தனி மூட்டம் போடவும் எண்ணுகிறோம். (ராமநாதபுரம்)

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு வேண்டவே வேண்டாம். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பார்தான் குறைவு.

மூட்டத்தில் விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போர்த்தி, நாள்கணக்கில் புகையவிடுகிறீர்கள். அந்த நாள்கள் முழுவதும் எழுகிற வெண்புகையில் தார்த்துளிகளும் கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் எரியாமல் அப்படியே காற்றில் கலக்கின்றன. கணக்கைத் தோராயமாகப் பாருங்கள். மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க முப்பது, நாற்பது கிராம் மீத்தேன் வெளியேறுகிறது; 40 கிலோ கரிக்கு ஒன்றரைக் கிலோ ஆயிற்று. ஒரு டன் ஈரக்கழிவு மட்கும்போது வெளிவரும் மீத்தேன், பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பின்படி, நான்கு கிலோ. அதில் பாதியைக் கரி தடுத்தது என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் பிடித்தது இரண்டு கிலோ. ஆக, குவியலில் சேமித்ததில் முக்கால் பங்கை மூட்டத்திலேயே செலவழித்தாகிவிட்டது. கரியாக மண்ணில் தங்கும் கரிமம் தனி வரவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயுவைக் குறைக்கவே இதைச் செய்கிறேன் என்று எனக்கு எழுதுபவர், புகையையும் அதே பேரேட்டில் எழுதத்தான் வேண்டும். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று சாக்கில் அச்சிட்டு உயிர்க்கரி விற்கும் ஓர் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கண்ணெரிச்சலில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. சாக்கில் உள்ள கரி எப்படி எடுக்கப்பட்டது என்று வாங்குபவர் யாரும் கேட்பதில்லை.

மாற்று வழி கடினமானதும் இல்லை. 2014ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் 'கோன்-டிக்கி' என்ற பெயரில் வடிவமைக்கப்பட்ட கூம்பு உலையின் தத்துவத்தை மண்ணில் வெட்டிய குழியிலேயே கையாளலாம். ஒன்றரை மீட்டர் அகலத்தில், அடி குறுகிப் பக்கங்கள் சரிவாக இருக்கும்படி குழி வெட்டி, நன்கு காய்ந்த சுள்ளிகளை அடுக்கி மேலிருந்து தீ மூட்ட வேண்டும். மேலடுக்கில் வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் சுடர் கீழிருந்து எழும் வாயுக்களை எரித்துவிடுவதோடு, காற்று கீழே இறங்காமலும் தடுக்கிறது. குழி நிறைந்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். புகை தெரிந்தால் உங்கள் விறகு ஈரம், அல்லது நீங்கள் அவசரப்பட்டு அள்ளிப்போட்டுவிட்டீர்கள்.

விற்பனைக்கென்று ஏற்கெனவே போட்ட மூட்டத்தின் அடியில் தங்கி வீணாகும் தூளைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. மண்ணைச் சலித்து நீக்குங்கள். அரைகுறையாக வெந்த பழுப்புத் துண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். விரலில் தேய்த்த கரி வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விட வேண்டும். சோப்பு தேவைப்பட்டால் அதில் தார் இருக்கிறது.

உரம் மட்கி முடிந்தபின் கடைசியில் கரியைக் கலந்தால் போதாதா?

போதாது. அம்மோனியாவின் பெரும்பகுதி குவியல் கொதிக்கும் முதல் இரண்டு, மூன்று வாரங்களிலேயே போய்விடும். கடைசியில் கலக்கும் கரி மண்ணுக்கு உதவும், காற்றுக்கு உதவாது.

கரி போட்டும் குவியல் நாறுகிறது. என்ன செய்ய வேண்டும்?

எந்தக் குவியல் என்று நீங்கள் எழுதவில்லை, எந்த நாற்றம் என்றும் எழுதவில்லை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். நீர் சொட்டினால் உள்ளே காற்றில்லை. காய்ந்த வைக்கோல் கலந்து உடனே புரட்டுங்கள். சொட்டாமல் கண்ணை மட்டும் கரித்தால் தழைச்சத்து மிகை; அதற்கும் வைக்கோலே மருந்து. கரி புரட்டுவதற்கு மாற்றன்று என்பதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கிறது.

மண்புழு உரத் தொட்டியில் சேர்க்கலாமா?

ஐந்து விழுக்காட்டுக்கு மிகாமல், சாம்பல் போகக் கழுவி, ஊறவைத்துச் சேர்க்கலாம். முதலில் ஒரு வாளியில் பத்துப் புழுக்களை விட்டுப் பாருங்கள். அவை விலகி ஓடினால் அந்தக் கரி ஆகாது.

உணவக அடுப்புகளுக்கு வரும் அழுத்திய கரிக்கட்டிகளைப் பொடித்துப் போடலாமா?

வேண்டாம். அவை கட்டியாக இறுகி நிற்க எதைச் சேர்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கரியை நனைத்தே சேர்க்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? எடை கூடிச் சுமக்க முடியவில்லை.

காய்ந்த கரித்தூள் முதலில் உங்கள் நுரையீரலுக்குள் போகும். அடுத்து, குவியலின் ஈரத்தை உறிஞ்சி மட்குவதைத் தாமதப்படுத்தும். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியின் உள்ளே கங்கு உயிரோடிருந்து, மறுநாள் காற்றுப் பட்டதும் மீண்டும் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வைக்கோல் போர் இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சுமப்பது சிரமமென்றால் கரியைக் காய்ந்தபடியே குவியலருகில் கொண்டுபோய், அங்கே ஒரு தொட்டியில் ஓரிரவு ஊறவையுங்கள். தண்ணீருக்குப் பதில் மாட்டுக் கோமியம் இருந்தால் இன்னும் நல்லது.