பத்து வருட பியானோ வீணாகிவிடுமா?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை பெண்ணை அழைத்து வந்தபோது, "பத்து வருஷம் பியானோ கிளாஸுக்குக் கட்டின பணமெல்லாம் வீணா சார்?" என்று கேட்டீர்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மேஜை விளிம்பில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். அரசியல் அறிவியல் படிக்க வேண்டும், வெளியுறவுப் பணிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

இக்னாசி யான் பாடெரெவ்ஸ்கி என்ற போலந்து பியானோ கலைஞர் 1860-இல் பிறந்தபோது போலந்து என்று ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டிருந்தன. வார்சாவில் இசை படித்து, அங்கேயே சொல்லியும் கொடுத்தார். 24 வயதில் வியன்னாவுக்குப் போய் லெஷெடிட்ஸ்கி என்ற பெரிய ஆசிரியர் முன் நின்றபோது, அவரோ காலம் கடந்துவிட்டது என்றார். அப்புறம் சேர்த்துக்கொண்டு, விரல் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்க வைத்தார். ஆசிரியராக இருந்தவர், மாணவராக உட்கார்ந்து அதைச் செய்தார். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன். 1888-இல் பாரிஸில் பெயர் வாங்கினார், 1891-இல் அமெரிக்கா போனார். பிறகு அரங்குகள் நிரம்பி வழிந்தன.

முதல் உலகப் போர் வந்ததும் அதே அமெரிக்க மேடைகளில் போலந்துக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பேசினார். பல இடங்களில் பேசி முடித்துவிட்டு, போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் இசையை வாசித்தார். பியானோ கேட்க வந்தவர்கள் ஒரு நாட்டின் கதையையும் கேட்டுவிட்டுப் போனார்கள். அமெரிக்க ஜனாதிபதி வில்சனின் நெருங்கிய ஆலோசகர் ஹவுஸ் வரை அவரால் போய்ப் பேச முடிந்தது. 1918 ஜனவரியில் வில்சன் அமைதிக்காக அறிவித்த 14 அம்சங்களில் 13-ஆவது, சுதந்திர போலந்து. அடுத்த ஆண்டு பாடெரெவ்ஸ்கி போலந்தின் பிரதமரும் வெளியுறவு அமைச்சருமாகி, ஜெர்மனியுடனான போரை முடித்துவைத்த வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தானே பேசி வாதாடத் தெரிந்தவர். அந்த மொழிகள் கச்சேரிக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஆண்டுகளில் பழகிப் பதப்பட்டவை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றாட நிர்வாகம் அவருக்குக் கைவரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பதவி விலகினார். 1922-இல் மறுபடி பியானோ முன் உட்கார்ந்தார், ரசிகர்களும் திரும்பி வந்தார்கள். அதனால்தான் பியானோவை விற்கும் யோசனை இருந்தால், அதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள் என்கிறேன்.

சரி, உங்கள் பெண் விஷயம். வெளியுறவுப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பட்டமும் போதும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எனவே அவள் கேட்கும் பாடத்தையே படிக்கட்டும், கூடவே ஒரு வெளிநாட்டு மொழியும். மேடைப் பயம் அவளுக்குப் போய்விட்டது, தினமும் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரவும் தெரியும். இந்த இரண்டும் இல்லாமல் என்னிடம் வரும் பிள்ளைகள்தான் அதிகம்.

கோப்பு, அறிக்கை, விதிமுறை என்று நாள் முழுக்க நகரும் வேலை அவளுக்கு ஒத்துவருமா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. அடுத்த முறை வரும்போது, செய்தித்தாளில் வந்த ஏதாவது ஓர் ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் உதவ வேண்டாம். படித்துப் பார்த்துவிட்டு மூவரும் பேசுவோம்.