மகள் மூளை ஆராய்ச்சிதான் வேண்டும் என்கிறாளா, சார்?

சார், உங்கள் மெசேஜ் பார்த்தேன். பாட்டிக்கு மறதி நோய் வந்ததிலிருந்து மகள் நியூரோசயின்ஸ்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், ஆனால் அது பிஎச்டி டாக்டர், மருந்துச் சீட்டு எழுத முடியாது. சோறு போடும், கொஞ்சம் லேட்டாக.

முதலில் அந்த வேலை என்னவென்று பாருங்கள். வயதான ஒருவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்று சொல்லி, சில நிமிடங்களுக்கு மூளையில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு ஏறி இறங்குவதைப் பதிவு செய்வார்கள். எந்தெந்தப் பகுதிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவோ அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று கணக்கு. 1995-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வால், கையை அசைக்காமல் இருக்கும்போதும் கையை இயக்கும் இடது, வலது பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டினார். அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களிடம் இப்படிப்பட்ட சில தொடர்புகள் தளர்ந்திருக்கின்றன.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே படுத்திருப்பவர் தலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைத்தாலே கணக்கு கெட்டுவிடும், தூரத்துப் பகுதிகளுக்கு இடையே தொடர்பு குறைந்ததுபோலக் காட்டும், வயதானவர்கள்தான் அதிகம் அசைவார்கள், அப்போது நாம் பார்த்தது நோயா, தலை அசைவா? ஆராய்ச்சியாளரின் நாள்களில் பெரும்பகுதி இதைப் பிரித்தெடுப்பதில் போகிறது, அதுவும் கம்ப்யூட்டர் முன்னால், பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியும் புள்ளியியலும் வைத்துக்கொண்டு. உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்குமா என்று நீங்கள் எழுதவே இல்லை, எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக (ஐஐஎஸ்சி) வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கிறது. பத்தாயிரம் பேரைச் சேர்ப்பது இலக்கு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் ‘ஒரு வாக்கியம் எழுதுங்கள்’ என்று நினைவாற்றல் சோதனை வைக்க முடியுமா? வெளிநாட்டுக் கேள்வித்தாள் அப்படியே உதவாது, மாற்றித்தான் ஆக வேண்டும். மனிதர்களோடு பேசப் பொறுமை உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பக்கம் பிடித்துப்போகும்.

படிப்புக்கு வருவோம். பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் எடுத்திருக்கிறாள் என்றால் சரி, கணக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். பிஎஸ்சி இயற்பியல், பிஎஸ்சி உளவியல், பிடெக், ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் பிஎஸ்-எம்எஸ் என எதிலிருந்தும் இந்தத் துறைக்கு வரலாம். இளநிலையிலேயே நியூரோசயின்ஸ் என்று பெயர் போட்ட கோர்ஸ் தேடி, தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். அது தேவையே இல்லை. பிஎச்டிக்கு ஐஐஎஸ்சி, பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்கும் உள்ள நிம்ஹான்ஸ், ஹரியானா மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் எல்லாம் இருக்கின்றன.

பிஎச்டி ஐந்தாறு வருடம் இழுக்கும். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கூடப் படித்த பிள்ளை அதற்குள் ஐடி கம்பெனியில் லோன் போட்டு வீடு வாங்கியிருக்கும், சொந்தக்காரர்கள் கேட்கத்தான் செய்வார்கள். முடித்தவுடன் பேராசிரியர் வேலை கிடைப்பதும் உறுதியில்லை, ஆனால் ஸ்கேன் படங்களையும் புள்ளியியலையும் கையாளத் தெரிந்தவர்களுக்கு மருந்து நிறுவனங்களிலும் டேட்டா சயின்ஸிலும் கதவு திறந்திருக்கிறது.

நீட்டை இப்போதே கைகழுவச் சொல்ல மாட்டேன். எம்பிபிஎஸ் முடித்தவர்களும் இதே ஆராய்ச்சிக்கு வருகிறார்கள். இந்தக் கோடை லீவில் வீட்டு லேப்டாப்பில் பைத்தான் கற்றுக்கொள்ளட்டும். நைலேர்ன் என்று இலவச மென்பொருள் ஒன்று, மாதிரி மூளைப் படங்களையும் அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவளே எனக்கு எழுதட்டும், நீங்கள் வேண்டாம் சார்.