கருவாட்டுக் கணக்குக்குக் கேமிங் லேப்டாப் வேண்டுமா?

கேள்வி: அப்பாவும் கூட்டாளிகளும் நடத்தும் கருவாட்டு வியாபாரத்தின் நாலு வருடக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. 40,000 வரி, சுமார் 2,000 பெயர். யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று, ஆளைப் புள்ளியாகவும் கொள்முதலைக் கோடாகவும் வரைந்து பார்க்க ஆசை. 1,10,000 ரூபாய் லேப்டாப்பும் ஆண்டுச் சந்தா மென்பொருளும் வேண்டும் என்கிறார் கடைக்காரர். என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப். வாங்கலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: இரண்டுமே வேண்டாம். 2,000 பெயர் என்பது இந்த வேலைக்குச் சின்னக் கணக்கு. இப்படிப் படம் வரையும் கெஃபி (Gephi) என்ற மென்பொருள் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு லட்சம் புள்ளி, பத்து லட்சம் கோடு வரை தாங்கும் என்கிறார்கள் அதைச் செய்தவர்கள். அதில் பாதிதான் உண்மை என்றாலும் உங்களுக்குத் தாராளம். சைட்டோஸ்கேப்பும் இலவசம்தான், ஆனால் உயிரியல்காரர்களுக்காகப் பிறந்தது. பாயெக் (ஸ்லோவேனிய மொழியில் சிலந்தி, பெயருக்காகவே நான் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன்) வியாபாரம் அல்லாத வேலைக்குத்தான் இலவசம்.

முதல் படம் வந்ததும் மனசு விட்டுப்போகும். சிக்கு விழுந்த வலையை அள்ளிக் கரையில் போட்டதுபோல ஒரே உருண்டை. லேப்டாப் போதவில்லை என்று தோன்றுவது இங்கேதான். விலை கூடிய லேப்டாப்பிலும் அதே உருண்டைதான் வரும், கொஞ்சம் சீக்கிரமாக.

சிக்கெடுக்கும் வழி வேறு. ஃபைலை ஏற்றும்போதே, இருவருக்கிடையே நடந்த ஐம்பது கொள்முதலை ஒரே கோடாகக் கூட்டச் சொல்லலாம். கொள்முதல் கூடக் கூடக் கோடு தடிக்கும். அப்புறம் கெஃபியிலேயே இருக்கும், புள்ளிகளைப் பிரித்து அடுக்கும் ஃபோர்ஸ் அட்லஸ் 2 என்ற வசதியை ஓடவிடுங்கள். அடிக்கடி கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்வார்கள். ஃபில்டரில் ஐந்து பேருக்கும் குறைவான தொடர்பு உள்ளவர்களை மறைத்தால் பெரிய கைகள் தெரியும். ஒரு புள்ளிமேல் மவுஸை வைத்தால் அவரைச் சேர்ந்தவர்கள் மட்டும் தெளிவாக நிற்க, மற்றது மங்கும்.

உண்மையான செலவு உங்கள் நேரம்தான். 'பாம்பன் ராஜு', 'ராஜூ', 'ராஜு அண்ணன்' மூவரும் ஒருவரே என்பது எந்த மென்பொருளுக்கும் தானாகத் தெரியாது. அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெயர்களை ஒன்றாக்குங்கள். 2,000 பெயர் கணிசமாகக் குறையும்.

சந்தா மென்பொருள் பலவற்றில் ஃபைலை அவர்கள் சர்வரில் ஏற்ற வேண்டும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற பத்தியும் உங்கள் எக்செல்லில் இருக்கும் இல்லையா? எதில் ஏற்றினாலும் அதை முதலில் நீக்கிவிடுங்கள்.