பாட்டிக்குத் திராட்சைத் தோட்டம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். 'என் குடும்பத்தின் வேர்கள்' என்று பள்ளியில் ஒரு கட்டுரை கேட்டார்கள். வீட்டில் என் அம்மா இருக்கிறார், வயது 84. செம்பவாங் கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் உட்கார்ந்து கேட்காமல், 'பாட்டி கம்பத்துல பொறந்தாங்க, தோட்டம் இருந்துச்சு' என்று ஒரு வரி தட்டி ஏஐயிடம் கொடுத்துவிட்டாள். வந்த கட்டுரையில் என் அம்மா தேனி மாவட்டத்துக் கம்பத்தில், மலையடிவாரத் திராட்சைத் தோட்டத்தில் ஓடி விளையாடுகிறார்! தமிழ் என்னவோ அருமை. ஆசிரியரும் பாராட்டிவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிகிறது. இதில் என் அண்ணன் வேறு, அம்மா குரலைப் பதிந்து கொடுத்தால் பிற்காலத்தில் ஏஐயே அம்மா மாதிரி பேரப்பிள்ளைகளோடு பேசும் என்கிறார். மகளுக்கு ஏஐயே கூடாது என்று சொல்லிவிடலாமா? இப்படியே போனால் நாம் யார் என்பதே மறந்துபோகாதா?
– ஒரு தாய், யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் மன்னியுங்கள், திராட்சைத் தோட்டத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

இந்த ஏஐ, மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துத் தமிழ் கற்றது. அப்படிக் குவிந்திருப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அங்கே கம்பம் என்றால் ஒன்று தூண், இல்லையென்றால் தேனிப் பக்கத்து ஊர். அந்த ஊரில் திராட்சை விளைவதும் உண்மைதான். நம் கம்பமோ கிராமம் என்று பொருள்படும் மலாய் 'கம்போங்'கிலிருந்து வந்தது. தேக்கா என்ற பெயர் ஹொக்கியன் பேசும் சீனர்களிடமிருந்து வந்தது. சிராங்கூன் சாலைப் பக்கத்தை நம்மவர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே அழைத்தார்கள். இன்று தேக்கா ஈரச்சந்தையில் நிற்கிற எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியும்? அவர்களுக்கே தெரியாதபோது பாவம், ஏஐ என்ன செய்யும்?

பழியை முழுக்க அதன் தலையில் போடவும் எனக்கு மனசில்லை. நான் பள்ளியில் படித்தபோது 'என் கிராமம்' என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். வகுப்பில் நாற்பது பேரும் தென்றல் வீசும் வயல்வெளியில்தான் குடியிருந்தோம். ஆற்றங்கரை, ஆலமரம், ஏர் உழும் மாமா. நான் உண்மையில் இருந்தது தோ பாயோவில், பன்னிரண்டாவது மாடியில். மின்தூக்கி நாற்றத்தைப் பற்றி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். இரவல் ஊரை நாங்கள் கையால் எழுதினோம். உங்கள் மகளுக்கு அது சில நொடிகளில் கிடைத்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. சிங்கப்பூர்வாசிகளில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020இல் 2.5. முன்பு வீட்டுப் பேச்சு இரவல் தமிழைத் திருத்திவிடும். கட்டுரையில் ஆற்றங்கரை இருந்தாலும் வீட்டுக்கு வந்தால் 'பசியாறியாச்சா?' என்ற குரல் இருந்தது. வீட்டில் அந்தக் குரல் குறைந்து, தமிழ் முழுக்கத் திரையிலிருந்தே வரத் தொடங்கினால், 'காலை உணவு அருந்தினீர்களா' என்பதுதான் சரியான தமிழ், பாட்டி பேசுவது கொச்சை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். நான் பயப்படுவது இதற்குத்தான்.

தடையெல்லாம் வேண்டாம், கைப்பேசியை ஒளித்து வைத்து ஜெயித்த தாய் யாரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கட்டுரையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. வயதானவர்களிடம் போய் 'உங்க கதையைச் சொல்லுங்க' என்றால் 'என்னம்மா பெரிய கதை' என்று முந்தானையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர்கள் கதையைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள், விடவே மாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, மகளை அந்தத் திராட்சைக் கட்டுரையை அம்மாவுக்குச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது வரியிலேயே 'திராட்சையா? யாரு சொன்னா?' என்று ஆரம்பித்துவிடுவார். கைப்பேசியில் பதிவை முன்கூட்டியே ஓடவிட்டிருக்க வேண்டும், அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

பேச்சை எழுத்தாக்கும் வேலையை ஏஐயிடமே கொடுக்கலாம். நான் என் மாமனார் பேசியதை அப்படிப் போட்டுப் பார்த்தேன். பாதி சரியாக வந்தது. 'கிராணி' (எழுத்தர்) என்று அவர் சொன்னதை 'கிரணம்' ஆக்கியிருந்தது. தப்பு வந்த இடங்களையெல்லாம் மகள் வட்டமிட்டு, பாட்டியிடம் கேட்டுத் திருத்தட்டும். வட்டம் விழுகிற இடங்களில் நம் ஊர்ச் சொற்கள் நிறைய இருக்கும். திருத்தியதை ஆசிரியரிடம் கொடுத்து, முதலில் தந்தது எப்படி எழுதப்பட்டது என்பதையும் அவளே சொல்லிவிடுவது நல்லது.

இது வீட்டோடு நிற்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழி வரலாறுகளை நம் ஊரில் 1979 முதல் பதிந்து வருகிறார்கள். பழைய தமிழ் முரசு இதழ்களை நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் படிக்கலாம், உங்கள் மகள் அங்கே செம்பவாங்கைத் தேடிப் பார்க்கட்டும். ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023இல் வெளியிட்ட சீ-லயன் என்ற ஏஐ மொழி மாதிரியிலும் தமிழ் உண்டு. ஆனால் உங்கள் அம்மாவின் கம்பம் அதற்குத் தெரிய வேண்டுமானால், யாராவது எழுதி வைத்திருக்க வேண்டுமே.

அண்ணனுக்கு ஒரு வார்த்தை. குரலைப் பதிவது நல்லது, நிறையப் பதியுங்கள். அதை வைத்து அம்மா சொல்லாததைச் சொல்ல வைப்பது வேறு விஷயம். அம்மா உயிரோடு, தெளிவோடு இருக்கும்போது அவரிடம் கேட்காமல் உங்களுக்குள் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

எங்கே தொடங்குவது என்று தயங்கினால், உங்கள் வட்டாரத்திலேயே புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. இன்று யீஷூனில் இருக்கும் அந்த முருகன், முன்பு செம்பவாங் கடற்படைத் தளப் பக்கம் மரத்தடியில் இருந்தவர். அம்மாவுக்கு அந்த மரம் ஞாபகம் இருக்கும். பங்குனி உத்திரக் கூட்டத்தில் வேண்டாம், சாதாரண நாளில் மகளோடு கூட்டிப் போங்கள். கிளம்பும்முன் கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.