அந்த விளக்கக் கடிதத்தை அனுப்ப வேண்டாம்

கேள்வி: முகத்துவாரத்தில் எங்களுக்குப் படகு திருத்தும் யார்ட் ஒன்று இருக்கிறது. அப்பா தொடங்கியது. ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை, பெயின்ட் வேலை, பலநாள் படகுகளுக்கு எஞ்சின் வேலை செய்கிறோம். கழிவு ஒயிலைப் பின்பக்கம் பெரல்களில் சேர்த்து வைப்போம். மாதம் ஒரு முறை ஒருவர் லொறியில் வந்து காசு கொடுத்து எடுத்துப்போவார். போன மழையில் இரண்டு பெரல்கள் சரிந்துவிட்டன. ஒயில் தன் கிணற்றில் கலந்துவிட்டது என்று அயல்வளவுக்காரர் முறைப்பாடு செய்துவிட்டார். எல்லை மதில் தகராறில் எங்கள் மேல் அவருக்குப் பழைய கோபம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள், மண் மாதிரி எடுத்தார்கள், 14 நாளில் விளக்கம் கேட்டுக் கடிதமும் தந்தார்கள். ஆற்றோரத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், எங்களை மட்டும் பிடிப்பது நியாயமா சேர்? எங்களிடம் வியாபார உரிமமும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் இருக்கின்றன. ‘ஒயில் கிணற்றுக்குப் போகவில்லை, வாய்க்காலால் ஆற்றுக்குப் போய்விட்டது’ என்று விளக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஒயில் எடுப்பவர் பழைய திகதி போட்டுப் பற்றுச்சீட்டுத் தருவதாகச் சொல்கிறார். அயல்வளவுக்காரர் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: மானநஷ்ட வழக்கு வேண்டாம். அந்த விளக்கத்தை அனுப்ப வேண்டாம். அந்தப் பற்றுச்சீட்டைக் கையாலும் தொட வேண்டாம்.

அயல்வளவுக்காரர் பொறாமையால் முறையிட்டாரா, மதில் கோபத்தால் முறையிட்டாரா என்று நீதவான் கேட்கப் போவதில்லை. பக்கத்து யார்ட்டுகளும் இதையே செய்கின்றன என்பதும் உங்களைக் காப்பாற்றாது. அதைக் கடிதத்தில் எழுதினால், நீங்கள் செய்ததை ஒப்புக்கொண்டதாகத்தான் வாசிப்பார்கள். அப்பாவின் உழைப்பில் வந்த யார்ட் என்பதால் உங்களுக்கு வரும் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கு நிற்பது ஒரேயொரு கேள்வியில்: ஒயில் உங்கள் கேற்றைத் தாண்டிய நாளில் அதை வைத்திருக்க உங்களுக்கும், எடுத்துச்செல்ல அந்த லொறிக்காரருக்கும் உரிமம் இருந்ததா?

உங்களிடம் இருக்கும் இரண்டு உரிமங்களும் இதற்குப் பதில் ஆகாது. கழிவு ஒயில், கரைப்பான், பெயின்ட் கசடு, ஈய பற்றரி போன்றவை 2008 பெப்ரவரி 1 வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின்படி அட்டவணைக் கழிவுகள். அவற்றை உண்டாக்குவது, சேர்த்து வைப்பது, ஏற்றிச்செல்வது, மீள்சுழற்சி செய்வது, அகற்றுவது எல்லாவற்றுக்கும் அதிகாரசபையின் தனி உரிமம் தேவை. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு, இது வேறு. என்னிடம் வரும் யார்ட்காரர்களும் கராஜ்காரர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். உரிமம் இல்லாத ஆளுக்கு ஒயிலை விற்றுக் காசு வாங்குவதை அவர்கள் வியாபாரமாகப் பார்க்கிறார்கள். சட்டம் அதைக் கழிவைக் கைமாற்றியதாகப் பார்க்கிறது.

இப்போது உங்கள் விளக்கத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் பயமாக இருப்பது அதைப் பற்றித்தான். கிணற்றிலிருந்து தப்புவதற்காக ஒயில் ஆற்றுக்குப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வாய்க்கால் விழுவது களனி ஆற்று முகத்துவாரத்தில், அங்கிருந்து அடுத்தது கடல். அந்த வசனத்துடன் நீங்கள் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டத்தின் வாசலுக்கு நீங்களாகவே நடந்து போகிறீர்கள். அந்தச் சட்டத்தில் எண்ணெய் கடலில் கலக்கும் குற்றத்துக்கு அபராதம் தொடங்குவதே 40 இலட்சம் ரூபாவில், போவது 150 இலட்சம் வரை. அது பெரிய கப்பல்களுக்கு மட்டும் என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பிறகு, கடலில் ஒயில் என்று ஒரு கடதாசியில் கண்டால் எந்த அதிகாரியும் அதை மூடி வைக்கமாட்டார். இன்று உங்கள் மேல் இருப்பது ஒரு அதிகாரசபையின் விசாரணை. அந்தக் கடிதம் போனால் கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும் வந்துவிடும்.

அடுத்தது பற்றுச்சீட்டு. கராஜ் வைத்திருந்த ஒரு கட்சிக்காரர் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். பதினொரு மாதத்துக்குப் பற்றுச்சீட்டு, எல்லாவற்றிலும் கைச்சாத்து, லொறி இலக்கம், எல்லாம் ஒழுங்கு. அந்த லொறி பதிவானதே முதல் பற்றுச்சீட்டின் திகதிக்கு ஐந்து மாதம் கழித்து. அதிகாரி ஒரு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்துவிட்டார். அதுவரை தண்டப்பணத்தோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம், போலி ஆவணம், பொய்ச் சாட்சியம் என்று தண்டனைச் சட்டக்கோவைக்குள் போனது. ஒயிலுக்காக யாரும் அவரைச் சிறைக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள். அந்தக் கடதாசிகளுக்காக அவர் விளக்கமறியலுக்குப் போனார். மண்ணை இரவோடு இரவாக வாரி வேறிடத்தில் கொட்டுவதும் இதே கதைதான். மண் மாதிரி ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் மண்ணை அகற்றினால் சாட்சியத்தை அழித்தவர் ஆவீர்கள். துப்புரவு செய்யத்தான் வேண்டும், ஆனால் எழுத்தில் அறிவித்துவிட்டுச் செய்யுங்கள்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. முதல் தவணையிலேயே ‘குற்றவாளி’ என்று சொல்லித் தண்டத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அந்த ஒப்புதல் பதிவில் இருக்கும். அதன் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்துக்கொண்டு அயல்வளவுக்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்கு நட்டஈடு கேட்டுப் போவார், உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் அது குறுக்கே நிற்கும். அதைவிட, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் பொதுத் தொல்லை என்று உங்களுக்கு எதிராகக் கட்டளை வாங்கினால் யார்ட் மூடியே கிடக்கும். மீன்பிடிப் பருவத்தில் மூன்று மாதம் மூடினால் உங்கள் வாடிக்கையாளர்கள் படகுகளை நீர்கொழும்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள், பிறகு திரும்பி வரமாட்டார்கள். யார்ட்டை முடிப்பது தண்டப்பணத்தைவிட அந்த மூடல்தான்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: அயல்வளவுக்காரரோடு சமரசம் பேசுங்கள். சுன்னாகம் வழக்கை உங்கள் வீட்டிலும் பேசியிருப்பீர்கள். மின்நிலையத்தின் எண்ணெய் அப்பகுதிக் கிணறுகளில் கலந்த விவகாரத்தில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த நிறுவனம் குடியிருப்பாளர்களுக்கு 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டு நீதிமன்றங்களில் இப்போது நன்றாக வேரூன்றிவிட்டது. உங்களுடையது ஒரே கிணறு. அந்த நீரைப் பரிசோதிக்கும் செலவு, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யும் செலவு, அதுவரை குடிநீர் பவுசர் செலவு, இவ்வளவையும் நீங்கள் ஏற்றால் ஒரு வழக்குச் செலவைவிடக் குறைவாகத்தான் வரும். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் நல்லெண்ணத்தில் செய்வதாக எழுத்தில் வைத்து, இரு தரப்பும் கைச்சாத்திடுங்கள். மதில் தகராறை அதற்குள் கொண்டுவர வேண்டாம். அவர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாலும் அதிகாரசபை வழக்குத் தொடரலாம், அது உண்மை. ஆனாலும் கிணற்றுக்காரர் திருப்தியோடு நிற்கும் வழக்குக்கும், கையில் ஒயில் தண்ணீர்ப் போத்தலோடு நிற்கும் வழக்குக்கும் நீதவானின் பார்வையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வீம்புக்காக நீங்கள் இதைத் தள்ளிவிடுவீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

அதிகாரசபைக்கு அனுப்பும் கடிதம் அரைப் பக்கம் போதும். ஒயில் எங்கே போனது, யாருக்கு விற்றேன் என்ற ஊகங்கள் அதில் வேண்டாம், பொய்யும் வேண்டாம். கடிதம் கிடைத்தது, பெரல்களைக் கூரையின் கீழ், சிந்தினால் தேங்கி நிற்கும்படி தடுப்புக் கட்டிய சீமெந்துத் தரைக்கு மாற்றியிருக்கிறேன், அட்டவணைக் கழிவு உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறேன், பழுதான மண்ணை அகற்ற உங்கள் வழிகாட்டலைக் கேட்கிறேன், விரிவான விளக்கத்துக்குச் சட்டத்தரணி மூலம் கால அவகாசம் வேண்டும், இவ்வளவுதான். எழுதியதை எழுதும் நாளுக்குள் உண்மையாகச் செய்திருக்க வேண்டும். பெரல்களை நகர்த்த முன்பும் பின்பும் படம் எடுங்கள். அப்புறம், அந்த லொறிக்காரருக்கு இனி ஒரு லீட்டரும் கொடுக்க வேண்டாம். உரிமம் உள்ள சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கழிவு ஒயிலைப் புத்தளம் சிமெந்துச் சூளையில் உயர் வெப்பத்தில் எரிக்கும் வழியும் இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் காசு வராது, நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

ரெசின் வேலைக்குப் பிறகு அசிட்டோன் துடைத்த துணிகளையும், படகின் அடிப்பகுதியில் சுரண்டிய பழைய பெயின்ட் தூளையும் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அதிகாரிகள் வரும்போது ஒயிலோடு நிற்கமாட்டார்கள், அந்த மூட்டைகளையும் திறந்து பார்ப்பார்கள். அந்தத் தூளில் செம்பு இருக்கும். அதையும் இந்த உரிம விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். 14 நாள் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தா, உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தா என்பதை இன்றே பார்த்து, இரண்டில் முந்தியதைக் கணக்கில் எடுங்கள்.