ஃபைலில் திருத்தச் சொன்ன வரி கண்ணெதிரே இருக்க, கமாண்ட் லைனில் ஓடும் கோடிங் ஏஐ டூல் "கிடைக்கவில்லை" என்கிறதா?

அந்த ஃபைலை மறுபடி படித்துவிட்டுத் திருத்தச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். இந்த மாதிரி கமாண்ட் லைன் டூல்களில் பல, பழைய வரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புதியதை வைக்கும், அதனால் ஒரு டேப் ஸ்பேஸாக மாறியிருந்தால்கூடப் பொருந்தாது.

எனக்குச் சந்தேகம் உங்கள் எடிட்டர் மேல்தான். சேவ் செய்ததும் தானாக ஃபார்மேட் ஆகிற, அதாவது இடைவெளிகளைச் சீராக்குகிற வசதி இருந்தால், டூல் படித்த பிறகு ஃபைல் மாறியிருக்கும். அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால், எடிட்டரில் ஸ்பேஸ், டேப் எல்லாம் தெரிகிற மாதிரி வைத்து அந்த வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். வழக்கமாகப் புள்ளி என்றால் ஸ்பேஸ், அம்புக்குறி என்றால் டேப்.

எரிச்சலில் "முழு ஃபைலையும் திருப்பி எழுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்காத இடத்திலும் கை வைத்துவிடும். வேறு வழியே இல்லையென்றால் முதலில் கிட்டில் (Git) ஒரு கமிட் போட்டு, அதாவது ஃபைலின் இப்போதைய நிலையைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.